கொலுசுக்கு இரண்டு நாள்: தொழில்முறைப் புகைப்படக்காரரை அமர்த்திய அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக வெள்ளிக் கொலுசு செய்து விற்கிறது. அப்பா காலத்தில் சரக்கு வேண்டியவர்கள் பட்டறைக்கு நேரில் வந்தார்கள். கொலுசை உள்ளங்கையில் வாங்கி, காதருகே குலுக்கிச் சலங்கையின் ஓசையைக் கேட்டு, எடை போட்டு, டச் (வெள்ளியின் சுத்தம்) என்ன, கூலி என்ன என்று பேசி முடித்துக்கொண்டு போனார்கள். அந்த வியாபாரத்தில் படத்துக்கு வேலையே இருக்கவில்லை. நான் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வாட்ஸ்அப்பிலும் சொந்த இணையக் கடையிலும் சில்லறையாக விற்கத் தொடங்கிய பிறகுதான், வாங்குபவர் கையில் கொலுசு இல்லை, படம் மட்டுமே இருக்கிறது என்பது உறைத்தது.

அந்தப் படங்களுக்காக ஒரு தொழில்முறைப் புகைப்படக்காரரை இரண்டு முறை அமர்த்தினேன். ஐப்பசிக் கடைசியில் அவருடைய ஸ்டூடியோவில் ஒரு நாள். கார்த்திகைக் கடைசியில் ஏற்காட்டில் ஒரு நாள். முதல் நாளுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு ரூபாய்கூட வீண் போகவில்லை. இரண்டாம் நாளுக்குக் கொடுத்ததில் பெரும்பகுதி வீண். இரண்டையும் எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் அவருடைய பெயரையும் ஸ்டூடியோவின் பெயரையும் எழுதவில்லை. எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெளிவாகிவிட்டால் ஆளை அவரவர் ஊரிலேயே தேடிக்கொள்ளலாம்.

எல்லோரையும் போல நானும் முதலில் கைபேசியில்தான் எடுத்தேன். வெள்ளை வேட்டி ஒன்றை மேசைமேல் விரித்து, ட்யூப் லைட்டின் கீழே கொலுசை வைத்து, குனிந்து எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். விரித்தது வெள்ளை வேட்டி. படத்தில் அது சாம்பல் நிறத்தில் இருக்கும். கொலுசின் ஒரு பக்கம் நீலம் பாய்ந்தும் ஜன்னல் பக்கம் மஞ்சளடித்தும் தெரியும். ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா, இது வெள்ளியா அலுமினியமா என்று நேராகவே கேட்டுவிட்டார். அதைவிடப் பெரிய அவமானம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஒரு பெண், ஒரு சலங்கை மணியை மட்டும் வெட்டி எனக்கே திருப்பி அனுப்பி, "அண்ணா, இந்த லுங்கி யாருடையது?" என்று கேட்டிருந்தார். பார்த்தால், கடுகளவு மணி ஒவ்வொன்றிலும் கட்டம் போட்ட லுங்கியோடும் கையில் கைபேசியோடும் நான் நின்றுகொண்டிருந்தேன்.

கைபேசிமேல் பழி போட்டுப் பயனில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறத்தாழ 95 சதவீதத்தை வெள்ளி திருப்பி அனுப்பிவிடுகிறது. அந்த அளவுக்குப் பிரதிபலிக்கும் வேறு உலோகம் கிடையாது. ஆகவே மெருகேற்றிய வெள்ளியைப் படம் எடுப்பது என்பது, உண்மையில் அதைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதைப் படம் எடுப்பதுதான். சுவர் மஞ்சளாக இருந்தால் கொலுசு மஞ்சள். கூரை இருட்டாக இருந்தால் கொலுசு கறுப்பு. எதிரில் லுங்கி இருந்தால் கொலுசில் லுங்கி. வேட்டி சாம்பலானதற்குக் காரணம் வேறு. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் வெளிச்சம் என்று கணக்கிட்டே ஒளியை அளக்கிறது. முழுக்க வெள்ளையாக ஒன்றைக் காட்டினால், வெளிச்சம் கூடிவிட்டது என்று எண்ணித் தானாகவே குறைத்துவிடுகிறது. இவையெல்லாம் பின்னால் அந்தப் புகைப்படக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்தப் படங்களை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடியாது என்பதுதான்.

அடுத்ததாக, எங்களுக்குப் பழக்கமான ஒரு கல்யாணப் புகைப்படக்காரரிடம் பத்து ஜோடிகளைக் கொடுத்து 3,000 ரூபாயை இழந்தேன். அவர் கேமராவின் மேலே ஃப்ளாஷைப் பொருத்தி நேராக அடித்தார். மணிகளின் உச்சியில் வெள்ளைப் பொட்டுகள் சுட்டெரிந்து, மற்ற இடமெல்லாம் கரி பூசியது போல ஆகிவிட்டது. அவரைத் திறமையற்றவர் என்று சொல்ல மாட்டேன். என் மைத்துனன் கல்யாணத்தில், ஹோமப் புகைக்கும் கைபேசியை உயர்த்திப் பிடித்த உறவினர் கூட்டத்துக்கும் நடுவே, தாலி ஏறிய அந்தச் சில விநாடிகளைத் தவறவிடாமல், மாப்பிள்ளையின் சேலம் வெண்பட்டு வேட்டியில் மடிப்பும் ஜரிகைக் கரையும் கலையாமல் தெரியும்படி எடுத்தவர் அவரேதான். ஓடுகிற நேரத்தைப் பிடிப்பது ஒரு வேலை; அசையாத ஒரு பளபளப்பைச் சமாளிப்பது முற்றிலும் வேறு வேலை. தொழில்முறைக்காரர் என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டையும் போட்டது என் தவறு.

மூன்றாவது ஆளை எவர்சில்வர் பாத்திரம் விற்கும் நண்பர் ஒருவர் காட்டிக்கொடுத்தார். சருவமும் குடமும் கண்ணாடிக்கு ஒப்பானவை. அவற்றில் அறையும் ஆளும் தெரியாமல் ஒருவர் எடுத்திருக்கிறார் என்றால் அவருக்குக் கொலுசும் வசப்படும் என்று நினைத்தேன். ஆனாலும் உடனே ஒப்புக்கொள்ளாமல், ஒரே ஒரு ஜோடியை மாதிரிக்கு எடுத்துத் தரச் சொன்னேன். அதற்கு 500 ரூபாய் வாங்கினார். பின்னர் மொத்தத் தொகையில் கழித்துக்கொண்டார். அந்த மாதிரிப் படத்தை அப்பாவிடம் காட்டியபோது, "இதில் பற்றவைத்த இடம்கூடத் தெரிகிறதே" என்றார். எங்கள் வீட்டில் அதற்குமேல் ஒரு பாராட்டு கிடையாது.

விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். 60 வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பின்னணியில் மூன்று கோணங்கள், ஒரு வடிவத்துக்கு 350 ரூபாய், இரண்டு முறை திருத்தம் இலவசம், பத்து நாளில் படங்கள் கைக்கு வரும் என்பது பேச்சு. ஆக 21,000 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 3,780 ரூபாய், மொத்தம் 24,780. வெள்ளி நகைக்கு 3 சதவீத வரி போட்டே பழகிய எனக்கு அந்த 18 முதலில் கசந்தது. ஆனால் ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரி, தொழிலுக்காகச் செய்த இந்தச் செலவின் வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று கணக்கர் சொன்ன பிறகு மனம் ஆறியது. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், இந்த வரவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஸ்டூடியோ அழகாபுரத்தில் ஒரு மாடி அறை. சுவர்களும் கூரையும் பளபளப்பில்லாத கரும்பூச்சில் இருந்தன. காரணம் சொல்லத் தேவையில்லை. என்னையும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். சலான் போட்டு எடுத்துப்போன 60 ஜோடிகளையும் முதலில் அங்கேயே தராசில் வைத்து, 4 கிலோ 380 கிராம் என்று ஒரு சீட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டோம். இதை நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். வெள்ளி வியாபாரி ஒருவனுக்கு இதைவிட நிம்மதி தரும் வரவேற்பு இருக்க முடியாது. பிறகு உதவியாளர் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஜோடியையும் மென்துணியால் துடைத்தார். பட்டறையில் நாங்கள் மெருகு போட்டுத்தான் எடுத்துப்போனோம். ஆனால் எண்ணும்போதும் பையில் போடும்போதும் பட்ட விரல் ரேகை ஒவ்வொன்றும் பெரிதாக்கிய படத்தில் ஊர்வலம் போல் தெரியும் என்றார்.

முதல் ஜோடிக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அந்த ஒன்றேகால் மணி நேரத்தைப் பார்த்த பிறகுதான் எதற்குப் பணம் கொடுக்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது. பால்வெள்ளை அக்ரிலிக் பலகைமேல் கொலுசை வைத்து, அதைச் சுற்றிலும் ட்ரேசிங் பேப்பரால் ஒரு சிறு கூடாரம் போல் அமைத்து, இரண்டு விளக்குகளைக் காகிதத்துக்கு வெளியே நிறுத்தினார். விளக்கை நேராகக் காட்டவே இல்லை. ஒளி பட்ட காகிதத்தைத்தான் கொலுசுக்குக் காட்டினார். லுங்கி இல்லை, சுவர் இல்லை, கரும்புள்ளி இல்லை. ஆனால் இப்போது வேறொரு கோளாறு வந்தது. சுற்றிலும் வெள்ளையே இருந்ததால், கொலுசு பாலில் விழுந்த வெண்ணெய் போல உருவமே தெரியாமல் கரைந்துவிட்டது. இதற்கா இவ்வளவு பாடு என்று நான் வாய்திறக்கும் முன்பே, அவர் ஒரு கறுப்பு அட்டையை எடுத்து, விரல் அகலத்துக்குப் பட்டைகளாக வெட்டி, படத்துக்குள் விழாதபடி கொலுசின் இருபுறமும் நிறுத்தினார். கணினித் திரையில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒவ்வொரு மணிக்கும் மெல்லிய கரிய ஓரம் ஏறிவிட்டது. மாக்கோலத்துக்குக் காவி இட்டதும் கோலம் எழுந்து நிற்குமே, அதே மாதிரி. ஒரு பட்டையை அரை அங்குலம் நகர்த்தினால் ஓரம் தடிக்கிறது, சற்றே சாய்த்தால் மெலிகிறது. அந்த அட்டை பத்து ரூபாய்கூட இருக்காது. அதை எங்கே நிறுத்துவது என்பதற்குத்தான் 350 ரூபாய்.

அடுத்த சிக்கல் கூர்மை. நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸில் அவ்வளவு அருகிலிருந்து எடுக்கும்போது, லென்ஸின் துளையை எஃப் 11 என்ற சிறிய அளவில் வைத்தாலும் அரை அங்குலத்துக்குக் குறைவான ஆழம் மட்டுமே தெளிவாக விழும். முன்னால் உள்ள மணி கூராக இருந்தால் பின்னால் உள்ள திருகாணி மங்கிவிடும். துளையை இன்னும் சுருக்கினால் ஆழம் கூடும், ஆனால் ஒளி சிதறி மொத்தப் படமும் சற்றுச் சோர்ந்துவிடும். ஆகவே கேமராவை முக்காலியில் பூட்டி, குவியத்தை முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒரே கோணத்தில் ஒன்பது பத்துப் படங்கள் எடுத்து, பிறகு கணினியில் ஒவ்வொன்றின் தெளிவான பகுதியையும் சேர்த்து ஒன்றாக்கினார். இந்தப் பத்துப் படங்களுக்கு இடையில் கொலுசு ஒரு மயிரிழை அசைந்தாலும் எல்லாம் கெட்டுவிடும். பலகைத் தளம் போட்ட மாடி என்பதால் படம் எடுக்கும்போது யாரும் நடக்கக் கூடாது என்பது கட்டளை; டீ கொண்டுவந்த பையன் இரண்டு முறை வாசலிலேயே தட்டோடு நின்றான்.

இவ்வளவு தெரிந்தவருக்குக் கொலுசு தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் அவர் கொலுசை அழகான வட்டமாகச் சுருட்டி வைத்தார். வாங்குகிற பெண் முதலில் பார்ப்பது கொக்கியும் திருகாணியும் எப்படிப் பூட்டுகின்றன என்பதைத்தான். அது வட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. சலங்கைகள் வெளிப்பக்கமாகத் தொங்க வேண்டும். அவர் உள்பக்கமாக மடித்திருந்தார். நான் பக்கத்தில் இல்லாமல் பொருளை மட்டும் கொடுத்துவிட்டு வந்திருந்தால், 60 வடிவங்களும் பிழையான கிடையில் பளிச்சென்று எடுக்கப்பட்டிருக்கும். நான் இருந்தும்கூட, ஒரு ஜோடி தலைகீழாக, அடிப்பக்கம் மேலே தெரியும்படி பதிவாகியிருந்ததை அப்பாதான் பிறகு கண்டுபிடித்தார். எவ்வளவு பெரிய புகைப்படக்காரராக இருந்தாலும், சரக்கு தெரிந்தவர் ஒருவர் நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு நாள் கடைவேலை கெடுவதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கும் அட்டையும் ஒருமுறை அமைந்துவிட்ட பிறகு வேலை வேகம் பிடித்தது. மதியத்துக்குள் 14 வடிவங்கள்; இரவு எட்டரைக்கு 60 வடிவங்களும் முடிந்தன. மறுபடியும் எடை போட்டோம்: 4 கிலோ 380 கிராம்.

படங்கள் வந்தபோது அவற்றில் இருந்தது என் கொலுசுதான் என்று நம்பவே சற்று நேரம் ஆயிற்று. அமேசான் போன்ற தளங்களில் முதன்மைப் படத்தின் பின்னணி கலப்பில்லாத தூய வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் சட்டகத்தில் 85 சதவீதமாவது நிறைந்திருக்க வேண்டும், பெரிதாக்கிப் பார்க்க நீளப் பக்கம் 1,000 பிக்சலாவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு; எல்லாப் படங்களும் அதற்குப் பொருந்தின. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித் தரம் குறைந்துவிடுவதால், ஆவணமாக இணைத்து அனுப்பும்படி அவரே சொல்லிக்கொடுத்தார். அலுமினியமா என்ற கேள்வி அதற்குப் பிறகு வரவில்லை. படத்தில் பார்த்தது போல் இல்லை என்று திரும்பி வரும் பார்சல்களும் குறைந்தன. விற்பனை எவ்வளவு கூடியது என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகச் சொன்னால், அதற்குள் தை முகூர்த்தக் காலம் வந்துவிட்டதால், எவ்வளவு படத்தால் கூடியது, எவ்வளவு முகூர்த்தத்தால் கூடியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். பத்து நாள் என்றது பதினேழு நாளாயிற்று. கேட்ட ஒவ்வொரு முறையும் "நாளைக்கு அனுப்பிடறேண்ணா" என்ற பதில்தான். 27ஆம் எண்ணும் 28ஆம் எண்ணும் கோப்புப் பெயர்களில் இடம் மாறியிருந்தன. நான் சரிபார்க்காமல் ஏற்றிவிட்டதால், ஒரு வாடிக்கையாளருக்கு வேறு கொலுசு போய்ச் சேர்ந்தது. இவற்றைவிட முக்கியமான குறை மீனா வேலைப்பாட்டில் ஏற்பட்டது. எங்கள் மயில் வடிவத்தில் உள்ள எனாமல் கருநீலம். படத்தைச் சீர்செய்த அவருடைய உதவியாளர், கண்ணுக்கு இனிமையாக இருக்கட்டும் என்று நிறத்தை ஏற்றியதில் அது பளிச்சென்ற மயில்கழுத்து நிறமாகிவிட்டது. இரண்டு ஜோடிகள் அதனாலேயே திரும்பி வந்தன. எடுத்தது முழுக்க நிறம் பிசகாமலிருக்கச் சாம்பல் அட்டையை வைத்து அளந்து எடுத்தவரின் உழைப்பை, கடைசியில் ஒருவர் மேசையிலிருந்து கெடுத்துவிட்டார். கொலுசைத் திரைக்குப் பக்கத்திலேயே பிடித்துக் காட்டிய பிறகு, புகைப்படக்காரர் மறுப்புச் சொல்லாமல் அந்தப் படங்களையெல்லாம் இலவசமாகத் திருத்திக் கொடுத்தார். ஆகவே, படம் எடுப்பவர் யார் என்று கேட்பதோடு, அதைச் சீர்செய்பவர் யார், அவர் பொருளை நேரில் பார்த்திருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

படங்கள் யாருக்குச் சொந்தம் என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, மாறான உடன்பாடு எதுவும் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். அந்தக் கடைசி நிபந்தனையில்தான் விஷயம் இருக்கிறது; பலர் கையெழுத்திடும் ரசீதிலேயே மாறான உடன்பாடு பொடி எழுத்தில் இருக்கும். இவருடைய தாளில், எடுத்த படங்களைத் தன் விளம்பரத்துக்கு எப்போது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. புது வடிவம் வெளியே தெரிந்த மறுவாரம் அதன் நகல் அடுத்த தெருவில் தொங்கும் தொழில் எங்களுடையது. ஆகவே மூன்று மாதம் கழித்தே பயன்படுத்த வேண்டும் என்று திருத்தச் சொன்னேன். தயங்காமல் திருத்திக் கொடுத்தார்.

இனி ஏற்காடு. கொலுசு காலில் இருப்பது போல் சில படங்கள் வேண்டும், அதற்கு மலைதான் பொருத்தம் என்பது அவருடைய யோசனை. அதற்கு மயங்கியது நான். ஒரு நாள் கூலி 12,000 ரூபாய், வரி 2,160, கார் 3,800, சாப்பாடும் மற்றதும் 1,100. என் தங்கை மகளைக் காலுக்காக அழைத்துக்கொண்டு விடியும் முன்பே கிளம்பினோம். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவைக் கடக்கும்போது அவர் காரின் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ அது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956இல் அங்கிருந்துதான் வெளிவந்தது. "அவங்க மலையடிவாரத்துல இருந்துக்கிட்டே வெளிச்சத்தைக் கட்டடத்துக்குள்ள கொண்டுவந்தாங்கண்ணா" என்றார். அந்த வாக்கியத்தின் பொருளை அப்போதே யோசித்திருந்தால், முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே காரைத் திருப்பியிருப்பேன்.

இருபது வளைவுகளையும் ஏறி, தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தை ஏழு மணிக்கு அடைந்தபோது பனிமூட்டம் இறங்கியிருந்தது. சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறியிருந்த மிளகுக்கொடியும் பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. ஒளி எல்லாத் திசையிலிருந்தும் ஒரே சீராக வந்தது. ட்ரேசிங் பேப்பர் கூடாரத்தை மலையளவுக்குப் பெரிதாக்கியது போலிருந்தது. காப்பிக் களத்தின் சிமெண்டுத் தரையில், உலரப் போட்டிருந்த காப்பிக்கு அருகில் அந்தப் பெண்ணின் கால்களை வைத்து முதல் நாற்பது நிமிடத்தில் எடுத்தவை அருமையான படங்கள். சாம்பல் தரையில் வெள்ளி வெள்ளியாகவே இருந்தது.

பிறகு மூட்டம் கலைந்தது. செடிகளுக்கு நடுவே, சிவந்த பழங்கள் பின்னணியில் தெரிய வேண்டும் என்று நான்தான் ஆசைப்பட்டேன். இலைகளுக்கிடையே விழுந்த வெயில் காலில் திட்டுத் திட்டாகப் படிந்தது. சுற்றிலும் இருந்த பச்சை முழுவதையும் கொலுசு குடித்துக்கொண்டு, களிம்பேறிய பித்தளை போலப் பச்சைப் பாய்ந்து நின்றது. வெள்ளை அட்டையைப் பிடித்தார், கறுப்பு அட்டையைப் பிடித்தார், கோணத்தை மாற்றினார். கண்ணாடியிலும் தண்ணீரிலும் பிரதிபலிப்பை வெட்டுகிற போலரைஸர் வடிகட்டி உலோகத்தில் வேலை செய்யாது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். மதியம் ஏரிக்கரைக்குப் போனால், படகுக்கு நிற்கும் கூட்டத்தில் கால் வைக்க இடமில்லை. மூன்று மணிக்குத் தூறல் பிடித்தது, பெட்டியைக் கட்டிவிட்டோம்.

கடைசியில் கிடைத்தவை ஒன்பது படங்கள். அவற்றில் ஆறு, களத்துச் சிமெண்டுத் தரையில் எடுத்தவை. மொத்தச் செலவு 19,060 ரூபாயை ஒன்பதால் வகுத்தால் ஒரு படம் 2,100 ரூபாய்க்கு மேல் விழுகிறது. ஸ்டூடியோவில் எடுத்தது வரியோடு சேர்த்தே ஒன்று 138 ரூபாய். சிமெண்டுத் தரை எங்கள் வீட்டு மொட்டைமாடியிலும் இருக்கிறது. மேகம் மூடிய ஒரு காலையில் அங்கேயே எடுத்திருக்கலாம். மலைப் படங்களை எங்கள் இணையப் பக்கத்தில் போட்டபோது, அந்த இடம் எங்கே என்று கேட்டவர்கள் ஐந்து பேர். கொலுசின் விலையைக் கேட்டவர் ஒருவர். இதில் புகைப்படக்காரரின் கைவேலையில் குறை காண மாட்டேன். ஆனால் வெள்ளி சுற்றுப்புறத்தைக் குடிக்கும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தவர், அதைப் பச்சைக்கு நடுவே கொண்டுபோக யோசனை சொல்லியிருக்கக் கூடாது. வெயில் வந்தால், மழை வந்தால் என்ன செய்வது, எத்தனை படம் நிச்சயம் என்று எழுதி வாங்காதது என் தவறு.

இந்தச் செலவு எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. எடைக்கணக்கில் வாங்கும் மொத்த வியாபாரிகள் இன்றும் படத்தைப் பார்ப்பதில்லை; டச்சும் கூலியும் சொன்னால் போதும் அவர்களுக்கு. பத்து வடிவம் மட்டும் வைத்திருப்பவர் ட்ரேசிங் பேப்பரும் கறுப்பு அட்டையும் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில், மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, கைபேசியிலேயே ஓரளவு நன்றாக எடுத்துவிடலாம். இப்போது நானே அவசரத்துக்கு அப்படித்தான் எடுக்கிறேன். சலங்கையின் ஓசைக்கு எந்தப் புகைப்படக்காரரும் உதவ முடியாது. அதற்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அப்பா குலுக்கிக் காட்டும் பத்து விநாடிக் காணொளியைக் கைபேசியில் எடுத்து ஒவ்வொரு வடிவத்தோடும் அனுப்புகிறேன். அப்பாவின் கைக்கு மட்டும் தனி ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஐம்பது அறுபது வடிவங்களை, ஒன்றுக்கொன்று நிறமும் அளவும் மாறாமல், ஒரே நாளில், பார்க்கிறவர் தொட்டுப் பார்த்தது போல் உணரும்படி எடுக்க வேண்டுமென்றால், அந்த வேலை தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

சித்திரைக்குத் தயாராகும் 35 வடிவங்களுக்கு அதே ஸ்டூடியோவில் 5,000 ரூபாய் முன்பணம் கட்டியிருக்கிறேன். எனாமல் உள்ளவற்றைப் பொருளை எதிரில் வைத்துக்கொண்டே சீர்செய்ய வேண்டும் என்றும், பன்னிரண்டாம் நாளுக்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் கழிக்கப்படும் என்றும், வெளியிடத்தில் படப்பிடிப்பு கிடையாது என்றும் ரசீதின் பின்பக்கத்தில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். கடைசி வரியைப் படித்துவிட்டு அவர் சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை.